ஈரக் காற்று காப்பாற்றாது

வாக்கி-டாக்கி பழுதுபார்க்கும் பட்டறைகளில் ஒரு நம்பிக்கை அசைக்க முடியாதபடி உட்கார்ந்திருக்கிறது. சென்னை ரிச்சி தெருவின் மாடிக் கடையானாலும் சரி, மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஒற்றை அறைக் கடையானாலும் சரி, பதில் ஒன்றுதான்: "ஸ்டாட்டிக் எல்லாம் நம்ம ஊர்ப் பிரச்சினை இல்லை சார்."

நிலைமின்சாரத்தைப் பற்றி இப்படிச் சொல்பவர்கள் தொழில் தெரியாதவர்கள் இல்லை. அதனால் அவர்களுடைய வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். பனி விழும் நாடுகளில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் போடுகிறார்கள். காற்று காய்ந்துபோகிறது. கம்பளத்தில் நடந்துபோய்க் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்கிறது. அங்கே பிறந்த பயம்தான் மணிக்கட்டுப் பட்டை (ஸ்டிராப்), மேட், வெள்ளிப் பை என்று இங்கே வந்து இறங்கியிருக்கிறது. நம் கடற்கரையிலோ சட்டை உடம்பில் ஒட்டுகிற ஈரம். யாருக்கும் ஒருநாளும் சுரீர் என்று பட்டதில்லை. இருபது முப்பது வருடமாக வெறுங்கையால் போர்டைத் தொட்டாகிவிட்டது, பழைய டூத்பிரஷ்ஷைத் தின்னரில் நனைத்துத் தேய்த்தாகிவிட்டது, எல்லாச் செட்டும் பேசிக்கொண்டுதான் திரும்பிப் போயிருக்கிறது. போதாக்குறைக்கு இந்தக் காலத்து ஐசிக்குள் பாதுகாப்பு டையோடும் வைத்தே வருகிறது. மிஞ்சிப்போனால் வேலை தொடங்கும் முன் ஏதாவது இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளலாம். ஸ்டிராப் கட்டுவதோ, கையை எர்த்தில் கட்டிவைத்துக் கரண்டுக்கு அழைப்பு வைப்பது மாதிரி.

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1. கையில் படவில்லை என்றால் மின்னழுத்தமே இல்லை என்று யார் சொன்னது?

மனிதத் தோல் ஒரு மோசமான மீட்டர். நிலைமின் வெளியேற்றம் சுமார் 3,000 வோல்ட்டை எட்டினால்தான் விரல் நுனிக்குத் தெரியும். அதற்குக் கீழே 500 வோல்ட் போனாலும் 2,000 வோல்ட் போனாலும் நமக்கு ஒரு செய்தியும் வராது. மின்னணுப் பாகங்களின் நிலைமின் தாங்குதிறனை வகைப்படுத்தும்போது, 250 வோல்ட்டுக்கும் கீழேயே சேதமாகிறவற்றுக்கென்று தனி வகுப்பே வைத்திருக்கிறார்கள். 250க்கும் 3,000க்கும் நடுவே இருப்பதுதான் பட்டறையின் இருட்டு.

ஈரத்துக்கு வருவோம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1980இல் வெளியிட்ட கையேடு ஒன்றின் பட்டியல் இந்தத் துறையில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம் இருக்கையில் வினைல் தரையில் நடப்பவர் உடம்பில் 12,000 வோல்ட் வரை ஏறலாம். 65 முதல் 90 சதவீத ஈரத்தில் அது 250 வோல்ட். மேசையிலிருந்து சாதாரண பாலித்தீன் பையை எடுத்தால் வறண்ட காற்றில் 20,000, ஈரக் காற்றில் 1,200. நுரைமெத்தை வைத்த நாற்காலியில் 18,000, ஈரத்தில் 1,500.

இந்த எண்களை எதிர்த்தரப்பு பாதிதான் படிக்கிறது. பத்து, இருபது மடங்கு குறைந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் குறைந்து எங்கே வந்து நிற்கிறது? 1,200, 1,500. அதாவது நம் விரலுக்குத் தெரியாத, ஆனால் சிலிக்கானுக்குத் தாராளமாகப் போதுமான இடத்தில். ஈரம் செய்தது ஒன்றே: எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டது. வறண்ட ஊர்க்காரனுக்காவது சுரீர் என்று பட்டுப் புத்தி வரும். கடற்கரைக்காரனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

அந்த ஈரமாவது எப்போதும் இருக்கிறதா? ஏசி போட்ட அறையில் காற்றின் ஈரத்தை இயந்திரமே பிழிந்து வெளியே சொட்டவிடுகிறது. கோவையிலோ சேலத்திலோ மார்ச் மாத மத்தியானக் காற்றைக் கடற்கரைக் காற்று என்று யாரும் சொல்லமாட்டார்கள். நிலைமின்சாரத்தைக் கசியவிடுவது பொருள்களின் மேல் படியும் மெல்லிய நீர்ப்படலம். ஹாட் ஏர் கன் ஓடுகிற மேசையில் சூடான போர்டின் மேல் அந்தப் படலம் நிற்காது. வெளியே மழையே பெய்தாலும், வேலை நடக்கிற அந்த ஒரு சாண் இடம் பாலைவனம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஈரம் ஏறிய சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று, பருத்திச் சட்டை போட்டு வேலை பார்த்த பழைய மெக்கானிக் ஓரளவு பாதுகாப்பாகத்தான் இருந்தார். உடம்பில் ஏறிய மின்னூட்டம் கால் வழியே இறங்கிக்கொண்டிருந்தது. இன்று அதே ஆள் வினைல் ஒட்டிய தரையில், ரப்பர்ச் செருப்போடு, பிளாஸ்டிக் நாற்காலியில், பாலியெஸ்டர் சட்டையில் உட்கார்ந்துகொண்டு அந்தக் காலத்து அனுபவத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்.

2. 'ஒரு போர்டும் சாகவில்லை' என்பவர் எத்தனை போர்டுகளை அளந்து பார்த்தார்?

இந்த நம்பிக்கையின் உண்மையான அஸ்திவாரம் இதுதான். ஈரம், டையோடு எல்லாம் பிறகு சேர்த்துக்கொண்ட காரணங்கள். "நான் பார்த்ததே இல்லை" என்பதுதான் மூலம்.

எதைப் பார்த்ததில்லை? செத்த போர்டை. ரேடியோவில் நிலைமின்சாரத்தால் வரும் சேதம் பெரும்பாலும் சாவாக வருவதில்லை, செவிட்டுத்தனமாக வருகிறது. ரிசீவரின் முதல் பெருக்கி நிலையில் இருக்கும் ஃபெட் (FET) டிரான்சிஸ்டரின் கேட்டில் ஒரு சிறு துளை விழுந்தால், டிஸ்ப்ளே எரியும், சேனல் மாறும், ஸ்பீக்கர் இரையும், டிரான்ஸ்மிட்டர் முழு 5 வாட்டையும் கொடுக்கும். குறைவது உணர்திறன் மட்டும். நல்ல நிலையில் இருக்கும் விஹெச்எஃப் கைச்செட்டு ஏறத்தாழ 0.25 மைக்ரோவோல்ட் சிக்னலில் 12 டெசிபல் சினாட் (இரைச்சலுக்கும் சிதைவுக்கும் எதிரே சிக்னல் எவ்வளவு தெளிவு என்ற அளவு) காட்ட வேண்டும். அதே அளவுக்கு 0.5 மைக்ரோவோல்ட் தேவைப்பட்டால் 6 டெசிபல் போய்விட்டது என்று பொருள். 1 மைக்ரோவோல்ட் என்றால் 12 டெசிபல். தடையில்லாத வெளியில், கணக்குப்படி, 6 டெசிபல் போனால் கேட்கும் தூரம் பாதி. 12 போனால் கால்.

இதைப் பட்டறை எப்படிச் சோதிக்கிறது? பையனிடம் இன்னொரு செட்டைக் கொடுத்துத் தெருமுனைக்கு அனுப்பி, "ஹலோ, ஹலோ, கேட்குதா?" என்கிறது. ஐம்பது மீட்டரில் 5 வாட் செட்டிலிருந்து வந்து சேர்வது ஆயிரக்கணக்கான மைக்ரோவோல்ட். முக்கால் செவிடான ரிசீவருக்கும் அது காதருகே கத்துவதுதான். "ஓகே, கேட்குது." பில் போட்டாகிவிட்டது.

பிறகு அந்தச் செட் விசைப்படகில் ஏறுகிறது, அல்லது ரயில் கார்டின் கைக்குப் போகிறது, அல்லது காட்டுக்குள் ரோந்து போகிறது. அங்கே "ரேஞ்ச் கம்மி" என்று புகார் வரும். பழி முதலில் ஆண்டெனாவின் மேல், அப்புறம் பேட்டரியின் மேல், கடைசியில் "சைனா செட்டு, அவ்வளவுதான் வரும்" என்பதன் மேல். படகுக்காரர் புது ஆண்டெனா வாங்குவார். 156.8 மெகாஹெர்ட்ஸில் 16ஆம் சேனலில் அபாய அழைப்பைக் கேட்க வேண்டிய பெட்டி, பழுதுபார்த்த மேசையிலேயே காதை இழந்தது என்பது யாருடைய கணக்கிலும் ஏறாது.

அளக்காதவர் பார்க்கவில்லை என்று சொல்வது சாட்சியம் ஆகாது. ஒரு சிக்னல் ஜெனரேட்டர், ஒரு சினாட் மீட்டர். செட்டைத் திறக்கும் முன் ஒரு எண், மூடிய பின் ஒரு எண். இரண்டையும் நோட்டில் எழுதிவைத்திருக்கும் பட்டறை வந்து "ஸ்டாட்டிக் இல்லை" என்று சொல்லட்டும், உட்கார்ந்து கேட்கிறேன்.

இடையில் ஒன்று. நிலைமின்சாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் 'உள்ளுறைச் சேதம்' என்ற ஆயுதத்தை எடுப்பார்கள்: இன்று பட்ட அடி ஆறு மாதம் கழித்துக் கொல்லும் என்று. ஆறு மாதம் கழித்துச் சாகும் எதற்கும் காரணம் கற்பிக்கலாம். ஸ்டிராப் விற்பவர்களுக்கு அது வசதியான கதை என்று எதிர்த்தரப்பு சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்த ஆயுதம் எனக்குத் தேவையே இல்லை. அன்றைக்கே, அந்த மேசையிலேயே, மீட்டரில் தெரியும் சேதம் போதும்.

3. ஐசிக்குள் பாதுகாப்பு இருக்கிறது என்றால், எந்தக் காலில் இருக்கிறது?

மைக்ரோகண்ட்ரோலரின் கால்களில் இருக்கிறது. ஆடியோ ஐசியில் இருக்கிறது. அந்தப் பாகங்களைப் பொறுத்தவரை எதிர்த்தரப்பு சொல்வது பெரிய அளவில் சரி. ஆனால் பாதுகாப்பு டையோடு இலவசமாக வருவதில்லை. ஒவ்வொன்றும் தன்னோடு ஒரு சிறு கெபாசிட்டன்ஸைக் கொண்டுவருகிறது. ஒலி அதிர்வெண்ணில் அதை யாரும் கவனிப்பதில்லை. 450 மெகாஹெர்ட்ஸில் அது சிக்னலைத் தரைக்கு வழித்துவிடும், இரைச்சலைக் கூட்டும். அதனால் ஆண்டெனாவை நோக்கி நிற்கும் பாகங்களில்தான் வடிவமைப்பாளர் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்கிறார். முன்னணிப் பெருக்கியின் ஃபெட், காலியம் ஆர்சனைடு பாகங்கள், பவர் ஃபெட்டின் கேட்: ரேடியோவை ரேடியோ ஆக்கும் பாகங்கள்தான் அதில் அதிகம் திறந்து கிடக்கின்றன. டிவி ரிமோட்டைத் திறந்து மூடிய அனுபவம் இங்கே செல்லாது.

கேட்டுக்குக் கீழே இருக்கும் சிலிக்கான் ஆக்சைடு படலம் ஒரு நானோமீட்டருக்குச் சுமார் ஒரு வோல்ட் தாங்கும். 20 நானோமீட்டர் படலத்துக்கு 20 வோல்ட். நம் உடம்பைச் சோதனைக்கூடத்தில் 100 பிக்கோஃபாரட் கெபாசிட்டராகவும் 1,500 ஓம் ரெசிஸ்டராகவும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில், பாலித்தீன் பையை எடுத்த கை 1,200 வோல்ட்டோடு ஒரு காலைத் தொட்டால், அந்தக் கணத்தில் பாய்வது 0.8 ஆம்பியர். ஒரு விநாடியின் கோடியில் சில பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். கைக்குத் தெரியாது. படலத்துக்குத் தெரியும்.

எழுபதுகளின் செட்டுகளில் பைபோலார் டிரான்சிஸ்டர்கள்தான் அதிகம். அவற்றைத் தோசைக்கல் மாதிரி கையாண்டாலும் பெரும்பாலும் பிழைத்தன. முப்பது வருட அனுபவத்தின் தொடக்கம் அப்படிப்பட்ட பழைய செட்டுகளோடு கழிந்திருக்கலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

4. இரும்பைத் தொட்டுக்கொண்டால் எவ்வளவு நேரம் செல்லுபடியாகும்?

நாற்காலியில் அடுத்த முறை அசையும் வரை. அதுவும் அந்த இரும்பு எர்த்தோடு சேர்ந்திருந்தால். மரக்கால் மேசையின் தகரமும் பெயிண்ட் அடித்த அலமாரியும் எதோடும் சேர்ந்தவை அல்ல.

5. ஸ்டிராப் கட்டினால் கரண்ட் அடிக்குமா?

சரியான ஸ்டிராப்பின் வயரில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. கை தவறி 230 வோல்ட்டில் பட்டாலும் அந்த வயர் வழியே போவது 0.23 மில்லியாம்பியர், உடம்பு உணரும் எல்லைக்கே கீழே. உடம்பில் ஏறும் மின்னூட்டத்தை இறக்குவதற்கோ அந்த ரெசிஸ்டர் ஒரு தடையே இல்லை. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. ஆபத்தானது, ரெசிஸ்டர் இல்லாத வெறும் செம்புக் கம்பியை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது. அதைச் செய்கிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள்; அவர்களைப் பார்த்துப் பயப்படுவது நியாயம்.

பயத்துக்கு இன்னொரு நியாயமான இடமும் உண்டு. பேஸ் ஸ்டேஷனின் பவர் சப்ளையைத் திறந்துவைத்து மின்சாரத்தோடு சோதிக்கும்போதும், வால்வு வைத்த லீனியர் பெருக்கியில் கை வைக்கும்போதும் ஸ்டிராப்பைக் கழற்றிவிட வேண்டும். கைச்செட்டின் 7.4 வோல்ட் பேட்டரி அந்தக் கணக்கில் வராது.

'எங்கள் கடையில் எர்த்தே இல்லை' என்பது அடுத்த சாக்கு. மூன்றாவது பின் சுவரில் பெயருக்கு இருக்கிறது, தண்ணீர்க் குழாயோ பிவிசி ஆகிவிட்டது, வாஸ்தவம். ஆனால் பாகத்தைக் கொல்வது எர்த் இல்லாத நிலை அல்ல, இரண்டு பொருள்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம். ஸ்டிராப், மேட், செட்டின் சேசிஸ் மூன்றையும் ஒரே புள்ளியில் சேர்த்துவிட்டால் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும். எர்த் வரும் வரை அதுவே பெரும்பகுதிப் பாதுகாப்பு. அதிலும் சேராமல் நிற்பது சால்டரிங் அயர்ன். இரண்டு பின் வைத்த சாதா அயர்னின் நுனியில் டெஸ்டரை வைத்தால் பல கடைகளில் மங்கலாக எரியும். அந்தக் கசிவோடுதான் ஃபெட்டின் கேட்டைப் பற்றவைக்கிறார்கள். எர்த் செய்த நுனி கொண்ட ஸ்டேஷன் வாங்க வேண்டும். மேட்டும் ஸ்டிராப்பும் சேர்ந்தால்கூட அந்தச் செலவுக்குள் அடங்கிவிடும்.

ஸ்டிராப்பைப் போட்டுவிட்டாலே எல்லாம் முடிந்தது என்பதும் மறுபக்கத்து மூடநம்பிக்கைதான். ஸ்டிராப் உங்கள் உடம்பைத்தான் காலிசெய்யும். மேசையில் கிடக்கும் தெர்மகோல் துண்டு, பிளாஸ்டிக் டப்பா, பாலித்தீன் பை எதையும் எர்த் செய்ய முடியாது. அவை கடத்துவதே இல்லை. அவற்றை மேசையிலிருந்து தூக்கிப் போடுவதுதான் ஒரே வழி. வெளியே தொங்கிய ஆண்டெனா கேபிளையும் ஸ்டிராப் காலிசெய்யாது: காற்றும் தூசியும் அதில் ஏற்றிவைத்ததை, மையப் பின்னையும் ஷீல்டையும் ஒருமுறை சேர்த்துக் காலிசெய்யாமல் செட்டில் சொருகினால், அத்தனையும் நேராக முன்னணிப் பெருக்கிக்குப் போகும்.

6. துடைப்பதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

பற்றவைக்கும்போதாவது கொஞ்சம் கவனம் இருக்கும். துடைக்கும் வேலை கடைப் பையனுடையது. நைலான் டூத்பிரஷ்ஷால் உலர்ந்த போர்டைத் தேய்ப்பது, நிலைமின்சாரம் உண்டாக்குவது எப்படி என்று பள்ளிக்கூடத்தில் காட்டும் அதே பரிசோதனை. அடியில் மட்டும் ஃபெட் இருக்கிறது. பன்றிமுடி அல்லது குதிரைமுடி பிரஷ், அல்லது மின்னூட்டத்தைக் கசியவிடும் நார் வைத்த பிரஷ் வேண்டும்; அதுவும் ஆல்கஹாலில் நனைந்தபடி. பிளோயர் காற்றில் பறக்கும் தூசியும் நீர்த்துளியும் போர்டில் உரசி மின்னூட்டம் ஏற்றும். கம்ப்ரஸர் காற்றென்றால் தண்ணீரும் எண்ணெயும் இலவசம். பழுது தேட அடிக்கும் குளிர் ஸ்ப்ரேயும் இதே ரகம். பிளாஸ்டிக் நுனி வைத்த சாதா சால்டர் சக்கர், ஒவ்வொரு முறை 'டப்' என்று இழுக்கும்போதும் தன் பங்குக்கு ஊட்டம் ஏற்றுகிறது.

என்ன திரவம்? தின்னர் ஃப்ளக்ஸைக் கரைக்கும், கூடவே கேஸிங்கையும் டிஸ்ப்ளே ஜன்னலையும் கீபேடின் கார்பன் பொட்டையும் தின்னும். பெட்ரோல் பற்றி எழுதவே கை கூசுகிறது. கிருமிநாசினியாக விற்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மிச்சம் தண்ணீர். 99 சதவீதம் வேண்டும். அதுவும் வேகமாக ஆவியாகிப் போர்டைக் குளிரவைப்பதால், புழுக்கமான நாளில் காற்றின் ஈரம் போர்டிலேயே வியர்க்கும். எனவே துடைத்த பின் இதமான சூட்டில் உலர்த்தாமல் பேட்டரி போடக்கூடாது. ஆல்கஹால் ஆவி 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கத் தயார் என்பதால் அயர்னும் ஹாட் ஏரும் அணைந்திருக்க வேண்டும்.

கடலில் விழுந்த செட்டுக்கு ஆல்கஹால்கூட முதல் மருந்து அல்ல. உப்பு அதில் கரையாது. பேட்டரியை உடனே கழற்றி, போர்டை முதலில் டிஸ்டில்டு வாட்டரில் நன்றாக அலசி உப்பை வெளியேற்ற வேண்டும். தண்ணீரை விரட்டத்தான் பிறகு ஆல்கஹால். அரிசி டப்பாவில் புதைத்துவைத்தால் உப்பு அப்படியே இருக்கும், அரிசிதான் கெடும். அல்ட்ராசானிக் தொட்டியில் போர்டை முழுதாக இறக்கினால் அழுக்கோடு கிரிஸ்டலும் போகலாம். அலைவரிசை நகர்ந்தபின் யாரைக் கேட்பது? பழைய ரிப்பீட்டர்களின் பவர் டிரான்சிஸ்டர்களில் வெள்ளைப் பீங்கான் தெரிந்தால் அதைச் சுரண்டவோ உடைக்கவோ கூடாது. அது பெரிலியம் ஆக்சைடாக இருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. இங்கே காப்பாற்ற வேண்டியது செட்டை அல்ல, ஆளை.

துடைத்து முடித்த போர்டு எங்கே போகிறது? பாலித்தீன் பைக்குள், அல்லது தெர்மகோல் மேல். ஆன்டி-ஸ்டாட்டிக் என்று விற்கும் இளஞ்சிவப்புப் பை தன்னளவில் ஊட்டம் ஏற்றாது, அவ்வளவே; வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. வெள்ளி நிறத் தடுப்புப் பைதான் தடுக்கும். அது இல்லாத நேரத்தில், நினைவகத்துக்கான சிறு பேட்டரி பொருத்தாத போர்டு என்றால், அலுமினியத் தாளில் சுற்றிவைத்தாலும் போதும்.

செலவு என்ற கடைசி முணுமுணுப்பு மிச்சம் இருக்கிறது. படகுச் சங்கமோ, செக்யூரிட்டி நிறுவனமோ, மொத்தமாகச் செட்டுகளைப் பழுதுக்கு அனுப்புகிற யாரானாலும் ஒரு நிபந்தனை போடலாம்: வாங்கும்போது ஒரு சினாட் அளவு, திருப்பித் தரும்போது ஒரு சினாட் அளவு, இரண்டும் பில்லில் இருக்க வேண்டும், இரண்டாவது எண் மோசமாக இருந்தால் கூலி இல்லை. அந்த நிபந்தனைக்குப் பிறகு மேட்டும் ஸ்டிராப்பும் எந்தக் கடையிலும் அதிகச் செலவாகத் தெரியாது.